ஆசைக்கு என்ன விலை? - ஜோடி ஏஸும், ஒரே ஒரு சீட்டைத் துரத்தும் மாப்பிள்ளையும்!

கம்பம் பள்ளத்தாக்கில் சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ஒரு கணக்கை அடிக்கடி போடுகிறார்கள்.

பந்தலில் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்குகிறது. வியாபாரி ஒரு விலை சொல்கிறார். 'இன்னும் நாலு நாள் பொறுத்தால் கூடக் கிடைக்குமே' என்கிறது மனசு. மேற்கே மலை உச்சியில் மேகம் கூடுகிறது. பழுத்த நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். கையில் இருப்பது நல்ல சரக்குதான். ஆனால், அதைக் கெடுக்கக்கூடிய ஒன்று வானத்தில் காத்திருக்கிறது. விற்பதா, பொறுப்பதா?

அங்கிருந்து போடிக்குப் போனால் ஏலக்காய். 2019 ஆகஸ்ட்டில் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 'இன்னும் ஏறும்' என்று அன்றைக்கு மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் விலை ஆயிரம் ரூபாயையொட்டி இறங்கிவிட்டது.

திராட்சைக்காரர், முன்னால் இருப்பவர். தன்னிடம் உள்ளதைக் காப்பாற்ற வேண்டியவர். மூட்டையை அடுக்கியவர், இன்னும் வராத ஒன்றைத் துரத்துபவர். இந்த இருவரையும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்தால் அதுதான் போக்கர்!

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கர் இன்று சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால், அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் கணக்கு தடைசெய்யப்பட வேண்டியதல்ல. வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பல குடும்பங்களின் சேமிப்பு செல்போன் திரையில் கரைந்தது எப்படி என்பதை அந்தக் கணக்கு அப்பட்டமாகக் காட்டிவிடும்.

திண்ணையில் ஒரு ஆட்டம்

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆனி மாதச் சாரல். உத்தமபாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மாமாவும் மாப்பிள்ளையும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காசு கிடையாது. ஆளுக்கு ஒரு கிண்ணம் புளியங்கொட்டை.

போக்கரில் பரவலாக ஆடப்படும் வகையின் விதி எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக் கூடாது. பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து, அதில் சிறந்த ஐந்து சீட்டு யாருக்கு அமைகிறதோ அவருக்கே வெற்றி. சீட்டு திறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். எதிராளி கட்டினால் அதே அளவு போட்டுத் தொடரலாம், ஏற்றலாம், வேண்டாமென்று கையைக் கவிழ்த்துவிடலாம்.

மாமா கையில் இஸ்பேட் ஏஸ், டைமன் ஏஸ். ஜோடி ஏஸைவிட நல்ல தொடக்கம் இந்த ஆட்டத்தில் கிடையாது.

மாப்பிள்ளை கையில் ஆட்டீன் ஜாக்கி, ஆட்டீன் பத்து.

நடுவில் நான்கு சீட்டுகள் திறந்தாயிற்று. ஆட்டீன் ராஜா, ஆட்டீன் எட்டு, கிளாவர் மூன்று, இஸ்பேட் ஐந்து. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. குவியலில் இதுவரை 100 கொட்டைகள் சேர்ந்திருக்கின்றன.

இந்த நிமிடத்தில் மாமாதான் முன்னால் இருக்கிறார். அவரிடம் ஜோடி ஏஸ் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால், அவருக்கு நான்கு ஆட்டீன் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது ஒன்று விழுந்தால் 'ஃப்ளஷ்', அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு. அது ஜோடி ஏஸை அடித்துவிடும். இப்படி இன்னும் முடியாமல், ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் கையைப் போக்கரில் 'டிரா' என்கிறார்கள்.

மாமா என்ன செய்ய வேண்டும்?

ஒன்பது சீட்டு ஜெயிக்கும், முப்பத்தேழு தோற்கும்

முதலில் மாப்பிள்ளையின் இடத்தில் இருந்து பார்க்கலாம். கட்டில் 52 சீட்டு. அவர் கையில் 2, நடுவில் 4. ஆக, அவர் கண்ணில் படாதவை 46. மொத்தம் 13 ஆட்டீனில் நான்கைப் பார்த்துவிட்டார். மீதி 9.

கடைசிச் சீட்டாக இந்த 9-ல் ஒன்று வந்தால் அவருக்கு வெற்றி. மற்ற 37-ல் எது வந்தாலும் தோல்வி. சதவிகிதத்தில் சொன்னால் 19.6. ஐந்து முறை துரத்தினால் ஒரு முறைதான் பிடிபடும்.

மீதி ஆட்டீன்களில் ஏஸும் ஒன்று. அது விழுந்தால் மாமாவுக்கு மூன்று ஏஸ் சேர்ந்துவிடும். அப்போதும் மாப்பிள்ளையின் ஃப்ளஷ்தான் ஜெயிக்கும். மாமா மனசு அதிகம் நோகப்போவது அந்தச் சீட்டுக்குத்தான்!

இப்போது மாமா 10 கொட்டை மட்டும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குவியல் 110 ஆகிவிட்டது. மாப்பிள்ளை 10 போட்டால் போதும். இதே நிலை 46 முறை வந்து, ஒவ்வொரு சீட்டும் ஒரு முறை விழுவதாக எடுத்துக்கொண்டால், 9 முறை 110 கிடைக்கும். ஆக 990. மற்ற 37 முறையும் 10 போகும். ஆக 370. நிகர லாபம் 620 கொட்டை! மாப்பிள்ளை துரத்தியது தப்பே இல்லை. அவ்வளவு மலிவாகத் துரத்தவிட்ட மாமா மீதுதான் தப்பு.

மாமா 50 கட்டினால் கதை மாறுகிறது. குவியல் 150. மாப்பிள்ளை 50 போட வேண்டும். 9 முறை 150 கிடைத்தால் 1,350. மற்ற 37 முறை 50 போனால் 1,850. நிகர நஷ்டம் 500. ஒவ்வொரு முறையும் சராசரியாக 11 கொட்டையை மாமா கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சீட்டு அதேதான், ஆளும் அதே ஆள்தான். மாறியது விலை மட்டும். பத்துக் கொட்டைக்கு லாபமாக இருந்த அதே ஆசை, ஐம்பது கொட்டைக்கு நஷ்டமாகிவிட்டது. நல்ல கை வைத்திருப்பவரின் முதல் வேலை, எதிராளியின் ஆசைக்குச் சரியான விலை வைப்பது. துரத்துபவரின் முதல் வேலை, அந்த விலை கட்டுப்படியாகுமா என்று பார்ப்பது.

"என்ன மாமா, பாதிக்குப் பாதி கட்டுறீங்க?" என்று மாப்பிள்ளை முனகினால், மாமாவின் பதில் இப்படித்தான் இருக்கும்: "சீட்டு பார்க்கணும்னா பாரு மாப்ள. ஆனா, ஓசியில பார்க்க விடமாட்டேன்."

நல்ல கைக்காரர் செய்யும் மூன்று தப்புகள்

நல்ல கை வந்தும் தோற்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள்.

*ஒன்று, பதுங்குவது.* 'நாம் கட்டினால் எதிராளி ஓடிவிடுவான். சும்மா இருப்போம், அவனே வந்து மாட்டட்டும்' என்று நினைப்பது. எதிராளி வெறுங்கையோடு இருந்தால் இது சில நேரம் பலிக்கும். ஆனால், டிராவில் இருப்பவருக்கு இது இலவச சீட்டு. மாமா எதுவும் கட்டாமல் விட்டால் அந்த 100 கொட்டைக் குவியலில் அவருடைய சராசரிப் பங்கு 80-தான். 50 கட்டி மாப்பிள்ளை கவிழ்த்துவிட்டால் முழுசாக 100. மாப்பிள்ளை 50 போட்டுத் துரத்தினால் சராசரியாக 111.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை ஓடுவதைவிட, தப்பான விலைக்குத் துரத்துவதுதான் மாமாவுக்கு லாபம்! 'ஐயோ, வந்துவிடுவானோ' என்று நல்ல கைக்காரர் பயப்படத் தேவையே இல்லை. வரட்டும், ஆனால் விலை கொடுத்துவிட்டு வரட்டும்.

*இரண்டு, மிரட்டுவது.* பயத்தில் கிண்ணத்தையே கவிழ்த்து 500 கொட்டையையும் கட்டுவது. துரத்துபவர் பேசாமல் கவிழ்த்துவிடுவார். 100 கிடைக்கும், அவ்வளவுதான். அத்தனையும் ஈடுகட்டி ஒருவர் நிற்கிறார் என்றால், ஜோடி ஏஸை ஏற்கெனவே தாண்டிவிட்ட கை அவரிடம் இருக்கலாம். பலவீனமானவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, பலசாலியோடு மட்டும் மோதும் வேலை இது.

*மூன்று, விட மனசில்லாமல் இருப்பது.* கடைசிச் சீட்டு ஆட்டீனாக விழுகிறது. அதுவரை அமைதியாக ஈடுகட்டிக்கொண்டே வந்த மாப்பிள்ளை திடீரென நிமிர்ந்து உட்கார்ந்து 80 கொட்டையைத் தள்ளுகிறார். 'ஜோடி ஏஸை எப்படிக் கவிழ்ப்பது' என்று மாமா அதற்கும் பணிந்து போடுகிறார். இங்கேதான் முன்பு வைத்த சரியான விலையும் வீணாகிறது. ஃப்ளஷ் அமையும் ஒவ்வொரு முறையும் மாமாவிடம் இருந்து இன்னும் 56 கொட்டை கறக்க முடியுமானால், 50 கொட்டை கொடுத்துத் துரத்தியதே மாப்பிள்ளைக்கு லாபக் கணக்காகிவிடும். அமெரிக்காவின் டேவிட் ஸ்க்லான்ஸ்கி போன்றவர்கள் போக்கர் பற்றி எழுதிய நூல்களில் இந்தப் பின்வரவு லாபத்துக்குத் தனி இடமே உண்டு.

அதாவது, நேற்று நன்றாக இருந்த சரக்கு இன்று மழையில் வெடித்துவிட்டது என்றால், நேற்றைய விலையையே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எல்லா டிராவும் ஒன்றல்ல

துரத்துபவர் என்றாலே ஏமாளி என்று நினைத்துவிடவும் கூடாது. எத்தனை சீட்டு அவருக்கு உதவும் என்பதைப் பொறுத்தது அது.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என வரிசையாக நான்கு இருந்து, இந்த முனையிலோ அந்த முனையிலோ ஒன்று வந்தால் போதும் என்றால் 8 சீட்டு உதவும். ஒரு சீட்டு பாக்கி இருக்கும்போது 17 சதவிகிதம். ஏழு, எட்டு, பத்து, ஜாக்கி என நடுவில் ஒன்பது மட்டும் விட்டுப்போயிருந்தால் 4 சீட்டுதான். 9 சதவிகிதத்துக்கும் குறைவு. பலர் அதிகம் இழப்பது இந்த நடுப்பல் விழுந்த வரிசையைத் துரத்தித்தான்.

இன்னொரு பக்கம், வரிசையும் சின்னமும் ஒன்றாகவே கூடி வரும் கைகளும் உண்டு. அப்போது 15 சீட்டுகள் உதவலாம். நடுவில் மூன்று சீட்டு மட்டும் திறந்து, இன்னும் இரண்டு பாக்கி என்ற நிலையில், அந்த 15-ல் ஒன்றாவது விழ 54 சதவிகித வாய்ப்பு. ஜோடி ஏஸ் வைத்திருப்பவர் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் முன்னால் இருப்பவர் துரத்துபவர்தான்!

மனக்கணக்குக்கு ஆட்டக்காரர்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒரு சீட்டு பாக்கி என்றால், உதவும் சீட்டின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கு. இரண்டு சீட்டு பாக்கி என்றால் நான்கால் பெருக்கு. 9 ஆட்டீனுக்கு 18, 36 என்று வரும். துல்லியமான விடை 19.6, 35. திண்ணைக்கு இது போதும்.

'பாதியில் நிற்கும் ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு' என்ற கேள்விதான், 1654-ல் பிரான்ஸில் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டதற்குக் காரணம். முன்னால் இருப்பவருக்கும், இன்னும் பிடித்துவிடலாம் என்ற நிலையில் இருப்பவருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் யோசித்ததில் வளர்ந்ததுதான் நிகழ்தகவுக் கணிதம். இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் பாடத்தின் வேர் ஒரு சூதாட்ட மேஜையில் இருக்கிறது.

திறமையா, அதிர்ஷ்டமா? கோர்ட் படி ஏறிய சீட்டு

இவ்வளவு கணக்கு இருக்கிறதே, அப்படியானால் இது திறமை விளையாட்டுதானே? இந்தக் கேள்வி பல வருடங்களாக நீதிமன்றங்களில் சுற்றி வந்திருக்கிறது.

1968-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். நம்மூர் ஆட்கள் 'மூணு சீட்டு' என்று சொல்லும் ஆட்டத்தை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. போக்கர் விஷயத்தில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்று சொன்னது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சீட்டாட்டக் கடனில் தற்கொலைகள் அடுத்தடுத்து செய்தியாகின. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்ய மாநில அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம், அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடை செல்லும் என்றது. ஆனால், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவை மீதான தடையை மட்டும் நீக்கியது. நேரம், வயது போன்ற கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொன்னது.

அதன்படி 2025-ல் மாநில அரசின் விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது. உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் இவற்றை ஏற்றது.

இரண்டே மாதத்தில் காட்சி தலைகீழானது. ஆன்லைன் விளையாட்டுகளுக்கான மத்திய அரசின் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அந்தச் சட்டம் ஓரங்கட்டியது. பணம் கட்டி ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டையும் நடத்தக் கூடாது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவர்களுக்கும் தண்டனை உண்டு. ஆடுபவர்களைக் குற்றவாளியாக அந்தச் சட்டம் பார்க்கவில்லை. பெரிய நிறுவனங்கள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

திறமை தெரிய எத்தனை ஆட்டம் வேண்டும்?

போக்கரில் திறமை இருக்கிறது என்பது உண்மை. ஆனால், அது எப்போது வெளியே தெரியும் என்பதுதான் யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம்.

மாமா எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டார். ஜோடி ஏஸ், சரியான விலை. அப்படியும் ஐந்தில் ஒரு முறை தோற்பார். இதேபோன்ற நிலை பத்து முறை வந்தால், பத்திலும் அவரே ஜெயிப்பதற்கு வாய்ப்பு 11 சதவிகிதம்தான். தோற்றதால் அவர் ஆடியது தப்பாகிவிடாது. ஜெயித்ததால் மாப்பிள்ளை துரத்தியது சரியாகியும் விடாது. முடிவை வைத்து முடிவெடுத்த விதத்தை எடைபோடக் கூடாது என்பதே இந்த ஆட்டம் சொல்லும் மிகக் கடினமான பாடம்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லிப்ராடஸ்' என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு போக்கர் ஆடி ஜெயித்தது. எத்தனை ஆட்டம் தெரியுமா? 20 நாட்களில் 1,20,000! அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் அடங்கி, யார் கெட்டிக்காரர் என்று உறுதியாகச் சொல்ல ஆராய்ச்சியாளர்களுக்கே அவ்வளவு ஆட்டம் தேவைப்பட்டது.

கையில் 5,000 ரூபாயோடு, ராத்திரி இரண்டு மணி நேரம் போனில் ஆடுபவருக்கு அந்த நீண்ட கணக்கு வந்து சேரவே சேராது. அவர் பார்ப்பதெல்லாம் அன்றைய சாரல் மட்டும்தான். பருவமழை முழுவதையும் அவர் பார்ப்பதில்லை.

இதற்கு மேல் கடைக்காரர் பங்கு வேறு. திண்ணையில் மாமா இழந்தால் மாப்பிள்ளைக்குப் போகும். ஆன்லைனில் ஒவ்வொரு குவியலிலிருந்தும் நடத்துபவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். 5 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 200 கொட்டைக் குவியலில் 10 கொட்டை. சரியாக விலை வைத்து, மாப்பிள்ளை தப்பாகத் துரத்தி, மாமா சராசரியாகக் கூடுதலாகச் சம்பாதிப்பதே 11 கொட்டைதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டக்காரர் செலுத்தும் முழுத் தொகை மீதும் 28 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு வந்தது. சரியாக ஆடுபவருக்கே இந்த நிலை. துரத்துபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'விட்டதைப் பிடிக்கிறேன்!'

போக்கரில் இருப்பதிலேயே மோசமான துரத்தல், சீட்டைத் துரத்துவது அல்ல. 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று துரத்துவது.

ஆட்டீனைத் துரத்தும் மாப்பிள்ளைக்காவது 9 சீட்டு உதவும். எத்தனை, எவ்வளவு விலை என்று எண்ணிப் பார்க்கலாம். நேற்று போன 20,000-த்தைத் துரத்துபவருக்கு எந்தச் சீட்டு உதவும்? அடுத்து வரும் சீட்டுக்கு அவர் நேற்று எவ்வளவு விட்டார் என்று தெரியாது. குவியலில் போட்ட கொட்டை போட்டவருடையது அல்ல. அது எல்லோருக்கும் பொது. 'இவ்வளவு போட்டாச்சே, இப்போ எப்படி விடறது?' என்பது கணக்கே அல்ல. 'இனிமேல் போடப்போகும் கொட்டைக்கு என்ன கிடைக்கும்?' என்பது மட்டும்தான் கணக்கு.

அந்தத் துரத்தலில் ஆரம்பத்தில் பந்தயம் சம்பளப் பணமாக இருக்கும். பிறகு நகைக்கடன், கைமாற்று, கடன் செயலி என்று போகும். ஒவ்வொரு படியிலும் ஆசையின் விலை ஏறிக்கொண்டே போகிறது. பிடிபடும் வாய்ப்பு மட்டும் ஏறவே இல்லை.

வீட்டில் ஒருவர் போனை மறைக்கிறார், ராத்திரி தூங்குவதில்லை, காரணம் சொல்லாமல் பணம் கேட்கிறார் என்றால் திட்டுவதற்கு முன்னால் உட்கார வைத்துப் பேசுவதே நல்லது. 'எவ்வளவு போச்சு?' என்பதைவிட 'இதோடு நிறுத்திக்கலாம், மீதியைச் சேர்ந்து பார்த்துக்கலாம்' என்ற வார்த்தைதான் அவரைத் துரத்தலிலிருந்து இறக்கும். கவிழ்ப்பது அவமானம் இல்லை என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். மன உளைச்சல் மிகும்போது தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 ஆகிய உதவி எண்களில் கட்டணமில்லாமல் பேசலாம்.

திண்ணைக்குத் திரும்புவோம். மாமா 50 கொட்டையைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். மாப்பிள்ளை கையிலுள்ள ஜாக்கியையும் பத்தையும் ஒருமுறை பார்க்கிறார். மனசுக்குள் ஒன்பதையும் முப்பத்தேழையும் எண்ணுகிறார். சீட்டைக் கவிழ்த்துக் கீழே வைக்கிறார்.

"என்ன மாப்ள, அம்புட்டுத்தானா?"

"ஆமா மாமா. வெல ஜாஸ்தி."

மாமா குவியலை வாரிக்கொள்கிறார். கடைசிச் சீட்டைத் திறந்து பார்க்க மாப்பிள்ளையின் கை லேசாக நீள்கிறது. மாமா கட்டை எடுத்துக் கலைத்துவிடுகிறார்.

"அத எதுக்குப் பார்க்கணும்? அடுத்த ஆட்டத்தப் போடு."